நாங்கள் சேர்க்காத நாவல்கள்

எங்கள் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளில் பலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் பணம் அது. திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். விண்ணப்பம் நிரப்பச் சொல்லிக்கொடுப்பது, ஆதார் நகலைச் சரிபார்ப்பது, பணம் வராத பிள்ளைக்காக அலுவலகத்துக்கு நடப்பது எல்லாம் நாங்கள்தான் செய்கிறோம். அந்த அம்மையார் 1936இல் ஒரு நாவல் எழுதினார் என்பதை மட்டும் நாங்கள் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்பது அதன் பெயர். தேவதாசி முறைக்குள் வளர்க்கப்பட்டு, அதை முறித்துக்கொண்டு வெளியே வந்து, அந்த முறையை ஒழிக்க மேடை மேடையாகப் பேசியவர், கண்டதையும் பட்டதையும் கதையாக எழுதி வைத்தார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பில் அவர் உழைப்பும் உண்டு. பெண்ணிலக்கியம் என்று ஒரு தாள் வைத்துக்கொண்டு, கையில் அவர் பெயரில் வரும் பணத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, அவர் எழுதிய புத்தகத்தை ஒருநாள்கூடக் காட்டாமல் இருந்திருக்கிறோம்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நெட், செட் தேர்வுகளுக்கு விழுந்து விழுந்து படித்தவர்கள் நாங்கள். வை.மு. கோதைநாயகி 115 நாவல்கள் எழுதினார், ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தினார், விடுதலைப் போராட்டத்தில் சிறை போனார் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அந்த 115இல் ஒன்றையாவது முழுதாகப் படித்தவர் எங்களில் யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அவரை ஒரு மதிப்பெண் வினாவாக வாங்கினோம், ஒரு மதிப்பெண் வினாவாகவே பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

நாங்கள் என்றால் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை என்று இந்த மானாவாரிக் கரிசல் பூமியில் கல்லூரிகளில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள், பாடத்திட்டக் குழுக்களில் உட்காருபவர்கள், சாயங்காலமானால் இலக்கியக் கூட்டத்துக்குக் கிளம்புகிறவர்கள். பெரும்பாலும் இவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆட்கள்தான். கல்லூரிகளில் சில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடும் சில மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. எந்தப் பல்கலைக்கழகமானாலும் தாள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் முதல் அலகு. காரைக்கால் அம்மையார், ஆண்டாள் அடுத்த அலகு. பாரதி எங்கள் ஊர்க்காரர் என்பதால் அவருடைய பெண் விடுதலைப் பாடல்கள் எங்காவது வந்து சேர்ந்துவிடும். பிறகு சிறுகதைகள் நாலைந்து. கடைசி அலகில் ஒரு நாவல்.

குழு கூடும் நாளில் அந்தக் கடைசி அலகுக்கு வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். சாப்பாடு வந்து வெளியே காத்திருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“போன தடவ வச்சதையே வச்சிருவோம் அண்ணாச்சி. கேள்வித்தாள் எடுக்கிறவங்களுக்கும் சிரமம் இல்ல.”

“கைடு இருக்குல்லா?”

“இருக்கு.”

“மேடம், நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

“சரிதான் சார்.”

அந்த ‘சரிதான் சார்’ சொன்னவர்களும் நாங்கள்தான். குழுவில் பெண்கள் இல்லாமலில்லை. பேசினால் கூட்டம் நீளும், ‘மேடம் ஆரம்பிச்சுட்டாங்க’ என்று பேர் வரும் என்று வாயை மூடிக்கொண்டோம். எத்தனை பக்கம், மொத்தமாக வாங்கினால் எவ்வளவு கழிவு, பெற்றோர் யாரும் வந்து சண்டை போடும்படி ஏதாவது இருக்கிறதா, இவ்வளவுதான் எங்கள் அளவுகோல்கள். இந்த நாவலை எழுதிய அம்மா எந்தத் தெருவில் நின்றுகொண்டு எழுதினார், எங்கள் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வந்து இதை வாசிக்கப் போகிறாள் என்று அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை. வார இதழ்களில் தொடராக வந்த, ஒழுங்கான நடையில் எழுதப்பட்ட, நகரத்துக் குடும்பக் கதை ஒன்று கைக்கு வாகாக இருக்கும். அதை வைத்துவிட்டு எழுந்துவிடுவோம். அந்த நாவல்கள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. டாக்டராக இருந்துகொண்டே எழுதிய லட்சுமியின் கதைகளை எங்கள் அம்மாமார் பக்கம் கிழித்துத் தைத்து வைத்துப் படித்தார்கள். அந்த வாசிப்புக்கு உரிய மரியாதையோடாவது நாங்கள் அதை நடத்தினோமா என்றால் அதுவும் இல்லை. பண்பு நலன், கதைச் சுருக்கம், பெண்ணியக் கூறுகள் என்று மூன்று தலைப்பில் பிழிந்து கொடுத்தோம்.

கரிசல் இலக்கியம் என்று சொல்லும்போது எங்கள் குரல் தானாக உயர்ந்துவிடும். இடைசெவல் என்கிற ஒரு சிற்றூர் இரண்டு சாகித்ய அகாதெமி விருதாளர்களைத் தந்தது. கு. அழகிரிசாமிக்கு 1970இல், கி. ராஜநாராயணனுக்கு 1991இல். பிறகு மேலாண்மை பொன்னுச்சாமி 2007, பூமணி 2014, எஸ். ராமகிருஷ்ணன் 2018, சோ. தர்மன் 2019. மழை பொய்க்கும் மண்ணில் இப்படி ஒரு விளைச்சல் என்று கூட்டங்களில் மார்தட்டியிருக்கிறோம். அத்தனையும் உண்மை. அந்தப் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை என்பதும் உண்மை. அதைச் சொல்லிக் காட்டிய கூட்டம் ஒன்று எங்கள் நினைவில் இல்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆண்கள் எழுதிய நாவல்களில் வரும் பெண்களைப் பெண்ணிலக்கியத் தாளில் கொண்டுவந்து உட்கார வைத்தோம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்து இந்தக் கரிசலில் காடு திருத்திக் குடியேறிய கதையை அதில் நினைவிலிருந்து எடுத்துச் சொல்பவள் நூறு வயதைத் தாண்டிய பூட்டி மங்கத்தாயாரு அம்மாள். ஒரு கிழவியின் ஞாபகத்தின் மேல்தான் அந்த நாவலே நிற்கிறது. ‘கன்னிமை’ சிறுகதையில் வரும் நாச்சியாரம்மாவைப் போல ஒரு பெண்ணைத் தமிழில் அதிகம் பேர் படைத்ததில்லை. கி.ரா. அந்தப் பெண்களை மனசாரப் பார்த்தார், எழுதினார். அவரிடம் குறை இல்லை. அவரைக் கொண்டுபோய் அந்தத் தாளில் வைத்ததோடு எங்கள் கடமை முடிந்ததென்று உட்கார்ந்துவிட்டோமே, அங்கேதான் குறை. மங்கத்தாயாருகளின் பேத்திகள் எங்கள் முன் பெஞ்சில் இருந்தார்கள். கதை அவர்களிடம் இருந்தது, பேனா நம்மவர்களிடம் இருந்தது என்பதை அவர்களிடம் நாங்கள் எடுத்துச் சொல்லவில்லை.

பாமாவை நாங்கள் நடத்திய விதத்தை இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்தவர். கோவில்பட்டியிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். 1992இல் ‘கருக்கு’ என்கிற தன்வரலாறு, 1994இல் சேரிப் பெண்களின் கதைகளைச் சொல்லும் ‘சங்கதி’ நாவல். கருக்கு லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் 2000இல் ஆங்கிலத்தில் வந்து கிராஸ்வேர்டு விருது பெற்றது. சங்கதியும் 2005இல் அவர் மொழிபெயர்ப்பிலேயே வந்தது. உலகத்தின் எங்கெங்கோ உள்ள வகுப்பறைகளில் அந்தப் பெண்களின் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் மேசையில் என்ன பேசினோம்? ‘நடை கொச்சையா இருக்கு, வகுப்புல வாசிக்க முடியாது’ என்றோம். கி.ரா. இதே மண்ணின் பேச்சை எழுதினார். அதற்கு வட்டார வழக்கு என்று பெயர் வைத்தோம். 1982இல் அவர் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய காரியம்தான். பாலியல் நாட்டுப்புறக் கதைகளை அவர் தொகுத்தபோது ஆய்வு என்று மதித்து அலமாரியில் வைத்தோம். நாயக்கர் வீட்டுத் திண்ணையில் பேசினால் வழக்கு, சேரியில் பெண்கள் குழாயடியில் பேசினால் கொச்சை. இந்த இரண்டு அளவுகோலும் ஒரே ஆட்களின் கையில், ஒரே மேசையில் இருந்தன. இதைச் சாதி என்று சொல்லாமல் வேறு எந்தப் பெயரில் சொன்னாலும் பொய்.

கருக்குக்கு ஓர் இடம் கொடுக்காமல் இல்லை. தலித் இலக்கியம் என்கிற தாளில் கொடுத்தோம். அங்கே சேர்த்துவிட்டதாலேயே பெண்ணிலக்கியத் தாளின் கதவு அடைபட்டுப்போனது. ‘பாமாவத்தான் அதுல வச்சாச்சுல்லா’ என்பது பதில். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இலேயே வந்துவிட்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குள்ளேயே பெண் எப்படி ஒடுக்கப்படுகிறாள் என்று வீட்டுக்குள் விளக்கைத் திருப்பிப் பிடித்த நாவல் அது. அதற்கும் இதே கதிதான். ஒரு பெண் தலித்தாகவும் இருந்தால் எங்கள் கணக்கில் அவள் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து போய்விட வேண்டும்.

சங்கதியை விலக்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை எங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வோம், எழுத்தில் வைத்ததில்லை. 1995 ஆகஸ்டு 31 அன்று கொடியங்குளத்தில் தலித் மக்கள்மேல் போலீஸ் நடத்திய தாக்குதலும், அதைச் சுற்றி இரண்டு மூன்று ஆண்டுகள் சாதிக் கலவரத்தில் தென் மாவட்டங்கள் எரிந்ததும் எங்கள் தலைமுறை ஆசிரியர்களின் எலும்பில் ஏறியிருக்கிறது. கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தனித்தனியாக உட்கார்ந்த வகுப்புகள் அவை. அந்த வகுப்பில் சங்கதியில் வரும் மாரியம்மாவின் கதையை எப்படி வாசிப்பது என்று பயந்தோம். விறகு பொறுக்கப்போன மாரியம்மாவை நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். தப்பித்து ஓடிவருகிறாள். அவன் முந்திக்கொண்டு அவள்மேல் பழி சொல்லிவிட, ஊர்ப் பஞ்சாயத்து அவளுக்கே அபராதம் போடுகிறது. எங்கள் ஊர்களில் இப்படி நடக்காத ஊர் எது? நிலக்காரன் வீட்டுப் பிள்ளையும் மாரியம்மா வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள், அதனால்தான் பயம். பயம் நியாயமானது. அந்தப் பயத்தை வைத்து நாங்கள் எடுத்த முடிவு நியாயமானதில்லை. மாரியம்மா வீட்டுப் பிள்ளை அந்தப் புத்தகம் இல்லாமலே தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டிய மற்றப் பிள்ளையைத்தான் நாங்கள் காப்பாற்றி வைத்தோம்.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் பி.ஏ. ஆனர்ஸ் ஆங்கிலத்தின் பெண் எழுத்துத் தாளிலிருந்து சங்கதியையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’யையும் நீக்கியது. கல்விக் குழுவில் இருந்த உறுப்பினர்கள் பலர் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நாங்களும் கொதித்தோம். கையெழுத்துப் போட்டோம், கண்டனம் எழுதினோம், இதழ்களுக்கு அனுப்பினோம். கோபம் உண்மையானதுதான். ஆனால் டெல்லிக்காரர்கள் நீக்குவதற்கு அங்கே சங்கதி இருந்தது. எங்கள் தாளில் நீக்குவதற்கு ஒன்றுமில்லை. யமுனைக் கரையில் ஆங்கிலத்தில் அதைப் பாடமாக வைத்தபிறகும் வைப்பாற்றங்கரைப் பிள்ளை தமிழில் அதைத் தொடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து அருந்ததி ராயின் புத்தகம் ஒன்று, மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்ததைப் பற்றியது, மாணவர் அமைப்பு ஒன்றின் எதிர்ப்பால் எடுக்கப்பட்டது. அப்போதும் பேசினோம். வெளியில் தெரிகிற நீக்கத்துக்கு எதிராக எங்களுக்குக் குரல் வரும். சேர்க்காமலே இருப்பது யாருக்கும் தெரியாத காரியம். அதைச் செய்ய ஆணையும் வேண்டியதில்லை, எதிர்ப்பும் வராது.

ராஜம் கிருஷ்ணன் விஷயத்தில் எங்கள் அலட்சியத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. முசிறியில் 1925இல் பிறந்தவர். சிறு வயதில் கல்யாணம், கல்லூரிப் படிப்பு இல்லை. எழுத எடுத்துக்கொண்ட மக்களிடம் நேரே போய் இருந்து, கேட்டு, பார்த்து எழுதுவது அவர் வழக்கம். இப்போதைய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கள ஆய்வு என்று சொல்வதை அவர் தன் கைக்காசில் செய்தார். அப்படித்தான் தூத்துக்குடி உப்பளங்களுக்கு வந்தார். 1979இல் ‘கரிப்பு மணிகள்’. உப்புத் தண்ணீரில் நின்று கால் வெடித்து, வெள்ளை வெயிலில் கண் கெட்டு, கங்காணியின் கைக்கும் வாய்க்கும் தப்பி நாளைக் கழிக்கும் பெண்களை, பொன்னாச்சி என்கிற பெண்ணை நடுவில் வைத்து எழுதினார். அடுத்து எங்கள் பக்கம் திரும்பினார். சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் மாட்டிக்கொண்ட குழந்தைகளைப் பற்றி 1980இல் ‘கூட்டுக் குஞ்சுகள்’ வந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். சட்டத்துக்கு ஆறு ஆண்டு முன்னால் ஒரு பெண் வந்து, பார்த்து, நாவலாக எழுதி அச்சில் போட்டுவிட்டார்.

அப்போது நாங்கள் எங்கே இருந்தோம்? இங்கேதான் இருந்தோம். கருக்கலில் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸின் ஹாரன் சத்தத்தில்தான் எங்கள் தெருவே விழித்தது. எங்களில் சிலர் அந்தப் பஸ்ஸில் போய்வந்தவர்கள். பலருடைய பள்ளிக் கட்டணம் அம்மாவும் அக்காவும் பெட்டி ஒட்டிச் சம்பாதித்த காசு. பூமணி பின்னாளில் ‘கருவேலம் பூக்கள்’ என்று இதே பொருளில் ஒரு படமே எடுத்தார். அதைப் பார்த்து அழுதோம். ராஜம் கிருஷ்ணனின் நாவலை, ‘வெளியூர்க்கார அம்மா, பிரச்சாரமா எழுதியிருப்பாங்க’ என்று திறந்து பார்க்காமலே ஒதுக்கினோம். 2009இல் அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அதன் பிறகு விலை, பதிப்புரிமை, பிரதி கிடைக்கவில்லை என்று சொல்லிவந்த சாக்குகளும் போயின. அவர் கடைசிக் காலத்தைச் சென்னையில் முதியோர் இல்லத்தில் கழித்து 2014 அக்டோபரில் இறந்தபோது இரங்கல் கூட்டம் போட்டு ‘கள ஆய்வு நாவல்களின் முன்னோடி’ என்று பேசினோம். பேசிய எங்களில் ‘கூட்டுக் குஞ்சுகள்’ படித்திருந்தவர்கள் மிகக் குறைவு.

சங்கதியில் மைக்கண்ணி என்று ஒரு சிறுமி வருகிறாள். அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் நாட்களில் குடும்பத்துக்காகத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். அம்மா எழுந்து காட்டு வேலைக்குப் போகத் தொடங்கியதும் வீட்டில் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒரு வகுப்பில் இந்தப் பக்கங்கள் வாசிக்கப்பட்டன. நடத்தியவர் மைக்கண்ணி செய்த வேலையை விளக்கப் போய், குச்சிகளைப் பெட்டிக்குள் அடைப்பதையும் மருந்தில் முக்குவதற்காகச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவதையும் ஒன்றாகக் குழப்பினார். பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். வருஷம் முழுக்கக் கேட்ட கேள்விக்கெல்லாம் தலை குனிந்து நின்றவள்.

“அது வேற வேல டீச்சர். சட்டத்துல அடுக்குறது கைய நீட்டி நின்னுக்கிட்டே செய்யணும். குச்சி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுனா மருந்து சேந்து பிடிச்சிரும், திருப்பி அனுப்பிருவாங்க. அடைக்கிறது உக்காந்து செய்யலாம். எங்கம்மா ரெண்டும் பாத்திருக்கு. இப்பம் மிஷின் வந்துட்டதால பண்டல் போட மட்டும் போகுது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளை ‘எங்க மதினி நகத்தப் பாக்கணுமே’ என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி மருந்து வாடையில் சோறு இறங்காததைச் சொன்னாள். கூலி, அட்வான்ஸ், கல்யாணத்துக்கு வாங்கிய கடன் என்று பேச்சு எங்கெங்கோ போனது. மணி அடித்தபிறகும் யாரும் எழவில்லை. பெண்ணியக் கோட்பாடுகளைத் தாராளவாதம், மார்க்சியம், தீவிரவாதம் என்று பலகையில் பிரித்து எழுதிய எந்த வகுப்பிலும் இது நடந்ததில்லை. இத்தனை ஆண்டு நாங்கள் ‘இந்தப் பிள்ளைகளுக்கு நாவல் வாசிக்கிற ருசியே இல்ல’ என்று ஓய்வறையில் பேசிவந்தோமே, அந்தப் பேச்சுக்கு நாங்கள் வெட்கப்பட வேண்டும்.

எழுத்தாளர்களாகவும் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கோவில்பட்டி காந்தி மைதானத்தின் இரவுகள் தமிழ் இலக்கியத்தில் ஒரு புராணமாகிவிட்டன. தேவதச்சன் பேச, கோணங்கியும் தமிழ்ச்செல்வனும் உதயசங்கரும் கௌரிஷங்கரும் சுற்றி உட்கார, ருஷ்ய நாவல்களும் லத்தீன் அமெரிக்கக் கதைகளும் விடியவிடியப் பேசப்பட்ட இடம். ஒரு பல்கலைக்கழகம் தர முடியாத படிப்பை அந்தப் புழுதித்தரை தந்தது. அங்கே கற்றவர்கள் கதைகளாக, நாடகங்களாக, ‘கல்குதிரை’ போன்ற இதழ்களாகத் திருப்பித் தந்தார்கள். அந்த இரவுகளை எத்தனையோ கட்டுரைகளில் நாங்கள் நெகிழ்ந்து நினைவுகூர்ந்திருக்கிறோம். அந்த வட்டத்தில் ஒரு பெண் வந்து உட்கார வழி இருந்ததா என்று எந்தக் கட்டுரையிலும் கேட்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு டீக்கடை வாசலில் நின்று தஸ்தயேவ்ஸ்கி பேச இந்த ஊரில் எந்தப் பெண்ணால் முடியும்? புத்தகம் கைமாறியது அங்கே. கைப்பிரதி வாசிக்கப்பட்டது அங்கே. எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று தெரிந்ததும் அங்கே. வீட்டில் அதே நேரத்தில் எங்கள் மனைவிமாரும் தங்கச்சிமாரும் மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் படுத்திருந்தார்கள். அவர்களில் யாராவது நோட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். எழுதியதைக் கேட்க ஓர் ஆள் அவர்களுக்கு இருந்ததில்லை. மல்லாங்கிணற்றிலிருந்து தமிழச்சி தங்கபாண்டியன் போலக் கவிதையில் பெயர் சொல்ல ஆள் உண்டு. கவிதை அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவில் எழுதி முடிக்கக்கூடியது. நாவலுக்கு நாட்கணக்கில் இடமும் தனிமையும் பேச்சுத்துணையும் வேண்டும். கரிசலில் பெண் நாவலாசிரியர் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் பெண்களைப் பார்த்து விரல் நீட்டாமல் எங்கள் கூட்டங்களின் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும். இன்றும் எங்கள் கூட்டங்கள் மாலை ஆறரைக்குத்தான் தொடங்குகின்றன. கயத்தாறுக்கும் எட்டயபுரத்துக்கும் உள்ளே இருக்கிற ஊர்களுக்குக் கடைசி டவுன் பஸ் அதற்குள் போய்விடும்.

அடுத்த முறை குழு கூடும்போது ஒற்றை நாவல் என்கிற வழக்கத்தை விட்டுவிட்டு, நாவலுக்கு இரண்டு அலகு கேட்கப் போகிறோம். பட்டியல் தயாராக இருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் நாவலிலிருந்து தேர்ந்த பகுதிகள். முழுதும் வைக்க முடியாது, பிரச்சாரமாக நீளும் இடங்கள் உண்டு. ஆனால் அவர் யார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964. பனையேறிகளின் ஊரில், வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட லிஸியை எங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை, அவர்கள் வீட்டிலேயே அவளைப் பார்த்திருப்பார்கள். ‘கூட்டுக் குஞ்சுகள்’ கட்டாயம். கரிப்பு மணிகளைவிட அது இலக்கியமாக ஒரு படி கீழே என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருந்தாலும் இந்த ஊர்க் கல்லூரியில் அதுதான் முதலில் படிக்கப்பட வேண்டும். கரிப்பு மணிகளைத் தூத்துக்குடிக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளட்டும். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ பெரிய நாவல், பட்ட வகுப்புக்குக் கனம்தான். முதுகலையில் வைக்கலாம். சங்கதி இளங்கலையிலேயே வேண்டும், பெண்ணிலக்கியத் தாளில், முழுதாக.

கடைசியாகச் சொன்னதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். வசைச் சொற்கள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன. குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனை நடுத்தெருவில் வைத்து வாயால் விரட்டும் பெண்ணுக்கு அதைத் தவிர வேறு ஆயுதம் இல்லை என்பதுதான் அந்த இடத்தின் பாடம். வகுப்பில் சண்டை வரும் என்பார்கள். வந்தால் நாங்கள் வகுப்பில்தான் இருப்போம். கேள்வித்தாளும் மாற வேண்டும். ‘மைக்கண்ணியின் பண்பு நலன்களை விளக்குக’ என்று கேட்டால் சங்கதியையும் பிழிந்து கைடாக்கிவிடுவோம். அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணுக்கு, வீட்டில் ஒரு மூத்த பெண்ணின் வேலையைப் பற்றி, அவள் பேச்சிலேயே கேட்டு எழுதிவரச் சொல்லலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அப்படி எழுதி வருவதைக் கொச்சை என்று சிவப்பு மையால் சுழிக்காமல் இருக்க நாங்கள் பழக வேண்டும்.

பட்டியலில் ஓர் இடத்தை எழுதாமல் விட்டிருக்கிறோம். கரிசலில் பிறந்து, இங்கேயே பிழைத்து, நாவல் எழுதிய பெண் ஒருவரின் புத்தகத்துக்கான இடம். அப்படி ஒருவர் ஏற்கெனவே எழுதி, சின்னப் பதிப்பாக வந்து, நாங்கள் கவனிக்காமல் போயிருக்கலாம். தேடியதில்லை, அதனால் தெரியவில்லை. அச்சில் வந்ததானாலும் கைப்பிரதியானாலும், யாரிடம் இருந்தாலும், இந்தப் பக்கத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறையில் கொண்டுவந்து கொடுங்கள். படித்துவிட்டு, படித்தோம் என்று எழுதி அனுப்புகிறோம்.